கருவாலிச் சாரைப்புழு: ‘ஊர்வலம்’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓக் மரத்து இலையைத் தின்னும் புழுக்களை உடைய ‘oak processionary moth’ என்ற பூச்சிக்குத் தமிழ்ப் பெயராக, ‘கருவாலி ஊர்வல அந்துப்பூச்சி’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். ஓக் மரத்துக்குக் கருவாலி சரிதான். தமிழ் விவிலியத்தில் அப்சலோமின் தலை மாட்டிக்கொண்டதே கர்வாலி மரத்தில்தான், பழகிய சொல். ஊர்வலம்தான் எனக்கு ஒட்டவில்லை. ஊர்வலம் என்றால் சாமியோ மாப்பிள்ளையோ கொடியோ வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். இந்தப் புழுக்கள் இருட்டியபின் கூட்டைவிட்டு இலை தின்னப் போகின்றன. முன்னால் ஒன்று, அதன் பின்னால் இரண்டு மூன்றாக அகன்றுகொண்டே போகும் வரிசை. எறும்பு இப்படிப் போனால் நாம் என்ன சொல்கிறோம்? சாரை சாரையாகப் போகிறது என்கிறோம். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

சாரைப்பாம்பு நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். ‘சாரைப்புழு’ என்று சேர்த்துச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது. இன்னொன்று, வரிசையாகப் போவது புழு மட்டும்தான். கோடைக் கடைசியில் பறக்கும் அந்துக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஆகவே புழுவின் பெயரை முதலில் வைத்து, அந்துக்குக் ‘கருவாலிச் சாரையந்து’ என்று அதிலிருந்து ஆக்கலாம். பைன் மரத்து உறவினத்துக்குப் பைன் சாரைப்புழு.

இதைவிட முக்கியமானது, இந்தப் புழுவின் மயிருக்குச் சொல்லப்படும் ‘அரிப்பூட்டும் நுண்மயிர்’ என்ற தொடர். தோலுரித்து வளரும் மூன்றாம் பருவத்திலிருந்து புழுவின் உடலில் இவை முளைக்கின்றன. தௌமெட்டோபோயின் என்ற புரதம் இவற்றில் உண்டு. பட்டால் தோல் தடிக்கும், கண் எரியும், சிலருக்கு மூச்சுத் திணறும். உதிர்ந்து காற்றில் பரவும். பழைய கூடுகளில் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். 2006இல் லண்டனில் இந்த இனம் கண்டறியப்பட்டதிலிருந்து அங்கே மக்களை எச்சரிப்பதும் இதனால்தான். எச்சரிக்கையில் எழுத இவ்வளவு நீளமான தொடர் உதவாது. வைக்கோல் போர் போட்டவர்களைக் கேளுங்கள், உடம்பில் ஒட்டி அரிப்பதைச் ‘சுணை’ என்பார்கள். “கூட்டைத் தொடாதீர்கள், சுணை ஒட்டும்” என்றால் யாருக்கும் புரியும். இலங்கையில் கம்பளிப்பூச்சிக்கு மயிர்க்கொட்டி என்றே பெயர். கொட்டுவது மயிர் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. சாரை மயிர்க்கொட்டி என்பதையும் மாற்றுப் பெயராகச் சேர்க்க விரும்புகிறேன்.

அப்புறம் ஒரு சிக்கல். மரத்தண்டில் எல்லாப் புழுக்களும் சேர்ந்து நெய்வதும் கூடு, அதற்குள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டிக்கொள்வதும் கூடு. தனிக்கூட்டுக்குப் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் ‘பட்டுக்கூடு’ இருக்கிறது. பொதுக்கூட்டுக்கு ‘வலைக்கூடு’ பொருந்துமா? இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.