ஆறு ஏறும் மீன், கடல் இறங்கும் மீன்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

கடலூர் முதுநகர்

கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு வரும் மீன், ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும் மீன், இரண்டில் எதைப் பார்த்திருந்தாலும் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு இந்தக் குழுவில் எழுதுங்கள். நம் ஊர் மீனாக இருந்தாலும் சரி, வெளிநாட்டில் பார்த்த சால்மன், ட்ரவுட் என்றாலும் சரி. நானே தொடங்குகிறேன்.

என் அம்மா ஊர் கொள்ளிடக் கரை. ஆடியில் புதுவெள்ளம் வந்தால் உல்லம் ஏறும் என்று தாத்தா சொல்வார். அதுவும் அவருடைய அப்பா காலத்துக் கதையாகத்தான். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன். 1836-ல் அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் வரும் காலமும் அளவும் மாறின, காவிரியில் உல்லம் ஏறுவதும் சுருங்கிப்போனது. கங்கையில் 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தபோது இதேதான் நடந்தது. அதற்கு முன்பு அந்த மீன் அலகாபாத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உல்லத்துக்கு சால்மன் போல எகிறித் தாண்டத் தெரியாது. சுவர் வந்தால் அதன் கீழேயே நின்றுவிடும்.

நான் கண்ணால் பார்த்தது ஏத்துமீன், அதாவது வெள்ளத்தை எதிர்த்து ஏறும் மீன், மட்டும்தான். கீழணையில் ஷட்டர் திறந்திருந்த நேரம். கொட்டுகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் எழும்பி எழும்பிச் சுவரில் மோதி விழுகின்றன. கீழே வீச்சு வலையோடு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் மேலே போக வழி இல்லாத இடத்தில் மீனைக் குவிய வைத்தது வலை இல்லை, சுவர்தான். அதை யாரும் பேசுவதே இல்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டை, இப்போது சியாட்டில்

நான் பார்த்ததைச் சொல்கிறேன் அண்ணா, கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இங்கே நகரத்துக்கு உள்ளேயே சின்னச் சின்ன ஓடைகள் ஓடுகின்றன, நம் ஊர் உப்பாறு வாய்க்கால் அகலம்கூட இருக்காது. இலையுதிர் காலத்தில் மழை பிடித்ததும் கோஹோ என்கிற சால்மன் வகை அவற்றில் ஏறும். பிறந்த ஓடையின் வாசனையை நினைவில் வைத்துக்கொண்டு, கடலில் வளர்ந்த பிறகு அதே ஓடையைத் தேடி வருகிற மீன். அதைப் பார்க்கத்தான் லாங்ஃபெலோ ஓடைக்குப் போனேன். நல்ல மழை பெய்த மறுநாள் அது. ஒரு பெரிய பெண் மீன் தண்ணீரின் மேல்பரப்பில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து பிளந்து மூடியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுபடி நிமிரப் பார்த்தது. முடியவில்லை. அங்கே கணக்கெடுக்க வந்திருந்த ஒரு அம்மா அப்புறம் அதன் வயிற்றைக் கீறிக் காட்டினார். முட்டை முழுக்க அப்படியே இருந்தது. கடலில் கடல்நாய்க்கும் வலைக்கும் தப்பி, பிறந்த இடம் வரைக்கும் வந்து, ஒரு முட்டைகூட இடாமல் செத்துப்போயிருந்தது.

இந்தப் பகுதி ஓடைகள் சிலவற்றில் திரும்பி வரும் கோஹோவில் 40 முதல் 90 சதவீதம் வரை இப்படிச் செத்திருக்கின்றன. காரணம் பல வருடம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: கார் டயர். ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க டயரில் 6பிபிடி என்று ஒரு பொருள் சேர்க்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோன் பட்டு அது வேறொரு நஞ்சாக மாறுகிறது. தேய்ந்த டயர் தூளோடு சாலையில் கிடப்பதை மழை கழுவி ஓடையில் சேர்க்கிறது, சில மணி நேரத்தில் கோஹோ செத்துவிடுகிறது. அதே ஓடையில் ஏறும் 'சம்' என்கிற இன்னொரு சால்மன் வகைக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரு வகைக்கு விஷம், பக்கத்து வகைக்கு இல்லை என்றால், மொத்தமாகத் தண்ணீரைச் சோதித்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லிவிட முடியுமா?

சாலைத் தண்ணீரை மண்ணும் மரச்சிராயும் நிரப்பிய பள்ளத்தில் இறக்கி வடிய விட்டால் கோஹோ பிழைக்கிறது, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நம் ஊரில் எந்த வாய்க்கால் ஓரமும் செய்யக்கூடிய வேலை இது. ஈசிஆரில் ஓடும் வண்டிகளின் டயர் தூளும் மழையில் எங்கேயோதான் போய்ச் சேருகிறது.

பரங்கிப்பேட்டை

நான் இங்கேயே கடல் உயிரியல் படித்தவன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் ராத்திரி விளக்கு வைத்துக் குஞ்சு எடுப்போம். மடவைக் குஞ்சு, கொடுவாக் குஞ்சு, சில சமயம் கண்ணாடி போல உடம்பு தெரியும் விலாங்குக் குஞ்சு. இவை எல்லாம் கடலில் பொரித்து உள்ளே வருபவை. விலாங்கு பல வருடம் ஏரி, வாய்க்காலில் கிடந்துவிட்டு, ஒரே ஒரு முறை முட்டையிட ஆழ்கடலுக்குப் போகும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. சால்மனின் பயணத்தை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி.

அணையைப் பற்றி எழுதியது சரிதான். ஆனால் எங்கள் பக்கம் முதல் தடை முகத்துவாரத்திலேயே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைத்துவிடும். மணல் திட்டு விழுந்த நேரத்தில் குஞ்சு வந்தால் வெளியேதான் நிற்கும். தூர்வாருவது படகுக்காக மட்டும் நடக்கிறது, மீன் வரும் மாதம் எது என்று யாரும் கேட்பதில்லை. மீனவப் பெரியவர்களைக் கேட்டால் மாதம் என்ன, காற்றின் பெயரோடு சொல்வார்கள்.

பாகூர்

பரங்கிப்பேட்டை அண்ணா சொன்ன விலாங்கு எங்கள் வாய்க்காலில் இருந்தது. என் மாமா சேற்றில் கைவிட்டே பிடிப்பார். கடலில் இருந்து தென்பெண்ணை, சொர்ணாவூர் அணைக்கட்டு, பங்காரு வாய்க்கால், பாகூர் ஏரி. இவ்வளவு தூரம் வந்திருக்கிறது அது! இப்போது பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. விலாங்குக் குஞ்சு ஈரச்சுவரில் ஏறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பரங்கிப்பேட்டை

உண்மைதான் தம்பி. சின்னதாக இருக்கும்போது, சுவர் சொரசொரப்பாக, பாசியும் ஈரமுமாக இருந்தால் ஏறும். வழவழவென்று சிமெண்ட் பூசி, தண்ணீரும் வழியாமல் காய்ந்து கிடந்தால் முடியாது. சுவரின் ஒரு ஓரத்தில் கல் பதித்து, கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டாலே போதும், பெரிய செலவு இல்லை. ஆனால் பெரிய விலாங்கு திரும்பக் கடலுக்கு இறங்க வெள்ள காலத்தில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டை, இப்போது சியாட்டில்

அணை விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. இங்கே எல்வா ஆற்றில் 1913, 1927-ல் முடிந்த இரண்டு அணைகள், மீன் ஏற வழியே இல்லாமல் நின்றன. 2011 முதல் 2014-க்குள் இரண்டையும் இடித்தார்கள். மேலே அடைபட்டு, தலைமுறை தலைமுறையாகக் கடலையே பார்க்காமல் இருந்த வானவில் ட்ரவுட், வழி திறந்ததும் கடலுக்குப் போய்த் திரும்ப ஆரம்பித்தது. ஒரேகானில் தொடங்கி கலிபோர்னியா வழியாகக் கடலில் சேரும் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-ல் எடுத்து முடித்தார்கள். அந்த அக்டோபரிலேயே சினூக் சால்மன் ஒரேகான் மாநிலத்துக்குள் ஏறியது, அங்கே நூறு வருடத்துக்கு மேல் அது போகாத இடம். அங்கிருக்கும் பழங்குடி மக்கள் இதற்காகப் பல பத்தாண்டுகள் போராடியிருக்கிறார்கள். நம் கீழணையை இடிக்கச் சொல்லவில்லை, அதை நம்பி எத்தனையோ ஏக்கர் நெல் இருக்கிறது. உல்லம் எகிறாது என்பதால் படிக்கட்டு போல மீன்வழி கட்டினாலும் பயன்படாது. புதுவெள்ள நாட்களில் சில ஷட்டர்களையாவது, மீன் எதிர்த்து நீந்தக்கூடிய வேகத்தில் தண்ணீர் போகும்படி திறந்து வைக்கலாமா என்று பொறியாளர் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.