சொப்பா, சோப்பா?

(எங்கள் குடும்பக் குழு அரட்டையிலிருந்து. கடைப் பட்டியலை எழுதியது ஏழு வயதான என் மகன்.)

தம்பி: அக்கா, மருமகன் எழுதிய பட்டியலோடு கடையில் நிற்கிறேன். விளையாட்டுச் சொப்பு மரத்திலும் இருக்கிறது, பிளாஸ்டிக்கிலும் இருக்கிறது. எது வேண்டும்?

நான்: டேய், அது சோப்பு!

தம்பி: ஒற்றைக் கொம்புதான் போட்டிருக்கிறான். (படம்) நீ பார்க்காமலா கொடுத்தாய்?

நான்: பார்த்தேன். திருத்தாமல்தான் கொடுத்தேன்.

தம்பி: என்னை வைத்தா பாடம் நடத்துகிறாய்!

பெரியக்கா: ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? நீ எழுதினால் இரண்டு நிமிட வேலை. அந்தச் சொல்லைப் பத்து முறை எழுத வை, சரியாகிவிடும்.

நான்: வைத்துப் பார்த்தாயிற்று அக்கா. நோட்டில் சிவப்பு மையால் திருத்தினால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தான் எழுதியதை நம்பி ஒருவர் கடைக்குப் போகிறார் என்றால் பார்க்கிறான்.

அப்பா: பேரனைத் திட்டாதீர்கள். பழைய சுவடிகளில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனிக் கொம்பு கிடையாது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் அதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரட்டைக் கொம்பு வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்பார்கள். அதுவே 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் பிறந்திருந்தால் இவன் எழுதியதில் பிழையே இல்லை.

நான்: வக்கீல் வந்துவிட்டார்.

பெரியக்கா: என் பேத்திக்கு நான்கு வயது, எழுத்தே தெரியாது. அவளுக்கு என்ன வேலை கொடுப்பது?

நான்: துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். 'முதலில் கை, பிறகு கழுத்து, கடைசியில் பாதியாக' என்று சொல்லிக்கொண்டே மடியுங்கள். மறுநாள் அவள் சொல்லட்டும், நீங்கள் மடியுங்கள். தப்பாகச் சொன்னால் தப்பாகவே மடித்துக் காட்டுங்கள், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வாள். நடந்ததை வரிசையாகச் சொல்லப் பழகினால் பிறகு எழுதுவதற்கும் அது உதவும். டப்பாக்களுக்கு அவள் படம் வரையட்டும், அதன் கீழே நீங்கள் பெயர் எழுதுங்கள்.

பெரியக்கா: காலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

நான்: காலையில் நானும் செய்வதில்லை. அவசரத்தில் கேட்டால் வேலையையும் வெறுப்பான், எழுத்தையும் வெறுப்பான்.

தம்பி: கடையை மூடப் போகிறார்கள். தீர்ப்பைச் சொல்லுங்கள்.

நான்: படத்தைப் பெரிதாக்கி அவனிடம் காட்டினேன். வாய்விட்டுப் படித்தான், சிரித்தான். புதுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான். (படம்)

தம்பி: இதில் இரண்டு வரி இருக்கிறதே?

நான்: ஆமாம். முதல் வரி சோப்பு. இரண்டாவது வரி சொப்பு.

அப்பா: இரண்டிலும் பிழை இல்லை. இரண்டையும் வாங்கி வா.