துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா?

கீழக்கரைக்காரன்:
வீட்டில் ஒரு வாரமாக நடக்கும் வழக்கு இது, யாராவது தீர்த்து வையுங்கள். பெரிய தம்பி துபாயில், சின்னவன் சிங்கப்பூரில். பெரியவன் மதுரையில் பகல் 11 மணிக்கு ஏறினால் 1.40க்குத் துபாயில் இறங்குகிறான். சின்னவன் திருச்சியில் காலை 10 மணிக்கு ஏறி சிங்கப்பூரில் இறங்கும்போது மாலை 4.30. அதனால் சிங்கப்பூர்தான் தூரம், சின்னவனைத்தான் அவ்வளவு தொலைவுக்கு அனுப்பிவிட்டோம் என்று உம்மா ஒரே புலம்பல். மேப்பில் விரலை வைத்து அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எது சரி?

தொண்டி மச்சான்:
விரல்தான் சரி. மதுரை–துபாய் நேர்தூரம் சுமார் 2,950 கி.மீ., திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,985. வித்தியாசம் நீங்க ராமநாதபுரம் போய்த் திரும்புகிற தூரம், அவ்வளவுதான். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். துபாயில் 1.40 என்றால் உம்மா வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் 3.10. சிங்கப்பூரில் 4.30 என்றால் இங்கே 2 மணி. கழித்துப் பாருங்க, ரெண்டுமே ஏறக்குறைய நாலு மணி நேரம்தான்.

பாம்பன் வல்லம்:
மச்சான் சொன்னது சரி, ஆனால் காற்றை விட்டுவிட்டார். விமானக்காரர்களும் நம்மைப்போல கடல் மைலில்தான் கணக்குப் போடுவார்கள், ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. எதிர்க்காற்றில் வல்லம் (நாட்டுப்படகு) திணறுகிற மாதிரிதான் விமானமும். ஆடி மாதம் நமக்குக் கடலில் கச்சான் காற்று மேற்கே இருந்து அடிக்கும், அதே நேரம் 12 கி.மீ. உயரத்துக்கு மேலே பார்த்தால் தலைகீழ், கிழக்கே இருந்து பலமான காற்று. மார்கழி, தையில் வடக்கே துபாய்ப் பக்கம் உயரத்தில் மேற்குக் காற்று, அப்போது ஊருக்குத் திரும்புகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுவார்கள். சிங்கப்பூர்–நியூயார்க் மாதிரி 15,000 கி.மீ. தாண்டும் பயணத்தில் இந்தக் காற்றைப் பார்த்துத்தான் அன்றன்றைக்குப் பாதையையே மாற்றுவார்கள், நமக்கு அரை மணிக்குள் முடிந்துவிடும்.

கீழக்கரைக்காரன்:
சுவர்க் கடிகாரத்தைக் கையிலேயே கழற்றி வைத்துக் காட்டினேன், உம்மா ஒத்துக்கொண்டார். அப்புறம் அடுத்த கேள்வி கேட்கிறார், சின்னவனைக் கூப்பிடப் போகும்போது டிக்கெட்டில் இருக்கிற நேரத்தில் இரண்டரை மணியைக் கழிக்க வேண்டுமா?

தொண்டி மச்சான்:
வேண்டாம், திருச்சியில் இறங்கும் நேரம் நம்ம நேரம்தான். தேதியை மட்டும் ரெண்டு தடவை பாருங்க. ராத்திரி 12 தாண்டி 12.20க்கு வருகிற விமானம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே வண்டியைக் கிளப்பணும், கீழக்கரையிலிருந்து நாலு மணி நேரம் ஆகுமே. எங்க மாமா ஒருநாள் கழித்துப் போய் நின்றார்.