அம்மா வீட்டில் கேமரா: மாட்டியது தப்பா?

குறிச்சிக்காரன் (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பெங்களூரில் வேலை. அம்மாவுக்கு 74 வயது, கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறாள். பெங்களூருக்குக் கூட்டி வந்தால் பத்து நாள் தாங்குவாள். பதினோராவது நாள் "தண்ணி ஒத்துக்கலை" என்று பையைத் தூக்கிவிடுவாள்.

போன மாதம் புறவாசலில் பாசி வழுக்கி விழுந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு விழுந்தவளை, ஒன்பது மணிக்கு வந்த பால்கார அக்கா பார்த்துத்தான் தூக்கியிருக்கிறாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் அடுக்களையில் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். அடித்தது நான்தான். எடுக்கவில்லை என்றதும் கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்து மீட்டிங்கில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஊருக்குப் போய் மூன்று கேமரா மாட்டினேன். தார்சாவில் (முன்கூடத்தில்) ஒன்று, அடுக்களையில் ஒன்று, புறவாசலில் ஒன்று. தலையைத் திருப்பும், இரண்டு பக்கமும் பேசலாம், ஆள் நடமாட்டம் தெரிந்தால் போனுக்குத் தகவல் வரும். நான் பெங்களூர் வந்து இறங்கிய அன்றே அடுக்களைக் கேமரா இருட்டாகிவிட்டது. கெட்டுப்போச்சோ என்று கேட்டால், அம்மா அதன் மேல் ஈரிழைத் துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். "எண்ணெய்ப் பிசுக்கு படும்லா, அதான்" என்கிறாள். மறுநாள் தார்சாவிலும் துண்டு. அங்கே என்ன பிசுக்கு?

நான் செய்தது தப்பா?

ஷார்ஜா சங்கரன் | சனி, இரவு 9.40

தப்பே இல்லை தம்பி. நான் நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். களக்காட்டில் அம்மா விளக்கேற்றும்போது இங்கே நான் எழுந்திருக்கிற நேரம். போனைத் திறந்தால் அம்மா முகம். அவளே கேமராவைப் பார்த்து "சாப்பிட்டியாலே?" என்பாள். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறவனுக்கு அதன் அருமை தெரியும். துண்டெல்லாம் ஒரு மாதம்தான், பழகிவிடும். என் தம்பி தோட்டத்து மோட்டாரையே மொபைல் ஸ்டார்ட்டரில் போட்டு நிறுத்துகிறான். மோட்டார் ஓடுகிறதா என்று அடிக்கொரு தரம் பார்க்கிறோம், பெற்றவளைப் பார்க்கக்கூடாதா?

பொருநை டீச்சர் | சனி, இரவு 10.25

நான் பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிற 71 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த இழையில் கேமராவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, அடுக்களையில் உங்கள் அம்மா எப்படி இருப்பார்கள் என்று யோசித்தீர்களா? சேலையைத் தூக்கிச் செருகியிருப்பார்கள். புழுக்கத்துக்கு முந்தானையை இறக்கி விசிறிக்கொள்வார்கள். ஊறுகாய் ஜாடியில் விரலை விட்டு நக்குவார்கள், சர்க்கரை இருந்தாலும் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போடுவார்கள். யாரும் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில் செய்கிற காரியங்கள் இவை. என் மகன் போன வருடம் அமெரிக்காவிலிருந்து போன் செய்து, "ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல நடந்தீங்க?" என்று கேட்டான். அக்கறைதான், தெரியும். அன்றிலிருந்து தூக்கம் வராவிட்டாலும் கட்டிலிலேயே கிடந்தேன். பிறகு நானே வயரைப் பிடுங்கிவிட்டேன்.

சங்கரன் சொன்ன மோட்டாருக்கு வெட்கம் கிடையாது.

ஷார்ஜா சங்கரன் | சனி, இரவு 10.51

டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நம் ஊரில் வெட்கத்தை யார் விட்டுவைத்தார்கள்? என் சின்ன வயதில் எங்கள் வளவில் எட்டு வீடு. யார் வீட்டில் என்ன குழம்பு, யார் எத்தனை மணிக்கு வந்தார், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருத்தர் விழுந்தால் சத்தம் கேட்டு எட்டு வீடும் ஓடிவரும். இன்றைக்கு அந்த எட்டில் ஐந்து வீடு பூட்டு. பார்க்கிறதுக்கு ஆள் இல்லாத இடத்தில்தான் நான் கேமரா மாட்டியிருக்கிறேன்.

பொருநை டீச்சர் | சனி, இரவு 11.02

பூட்டு விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திண்ணையில் இருந்து என்னைப் பார்த்த மாமியை நானும் பார்த்தேன். அவள் எப்போது பார்க்கிறாள், எப்போது தூங்கி விழுகிறாள் என்று எனக்குத் தெரியும். என் மகன் எப்போது பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதே.

முக்கூடல் முத்து | சனி, இரவு 11.10

எங்கள் வீட்டுக் கேமரா அப்பாவைக் கண்டுபிடித்ததைவிடப் பல்லியைக் கண்டுபிடித்ததுதான் அதிகம். ராத்திரி அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு எனக்கு நோட்டிபிகேஷன் வரும். இப்போது எல்லாத் தகவலையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பாளை நர்ஸ் | ஞாயிறு, காலை 6.30

நைட் டூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னியுங்கள்.

விழுவது ஒரு ஆபத்து, விழுந்தபடியே கிடப்பது இன்னொன்று. முதியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தால் எலும்பு முறியாவிட்டாலும் சிக்கல்தான். உடம்பில் நீர் வற்றும், அழுந்திய இடத்தில் புண் வரும், தசை சிதைந்து சிறுநீரகத்தைக்கூடப் பாதிக்கும். அதனால் குறிச்சிக்காரர் பதறியது நியாயம். டீச்சரம்மா அந்த இரண்டு மணி நேரத்தைச் சுலபமாகத் தாண்டிப் போகக்கூடாது.

ஆனால் கேமரா விழுவதைத் தடுக்காது. பாசியைச் சுரண்டி, சொரசொரப்பான தரை போட்டு, குளியலறையிலும் புறவாசல் படியிலும் கைப்பிடி வைத்தால் தடுக்கும். ராத்திரி கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் ஒரு சின்ன விளக்கு. கண்ணாடிப் பவர் சரியா, தலைசுற்ற வைக்கிற மாத்திரை ஏதாவது ஓடுகிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். மூன்று கேமரா மாட்டியவர் கைப்பிடி மாட்டினாரா?

குறிச்சிக்காரன் | ஞாயிறு, காலை 8.05

மாட்டவில்லை. தோன்றவே இல்லை சிஸ்டர்.

நேற்று வாட்ச் ஒன்று பார்த்தேன். விழுந்தால் அதுவே கண்டுபிடித்து ஆளைக் கூப்பிடுமாம். அது சரிவருமா?

வள்ளியூர் வயர்மேன் | ஞாயிறு, காலை 9.15

நான் கேமரா மாட்டிச் சோறு தின்கிறவன். இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

வாட்ச் விஷயம்: ஆப்பிள் வாட்சில் 2018-ல் நான்காம் சீரிஸோடு இந்த வசதி வந்தது. பலமாக விழுந்து, ஒரு நிமிடம் போல அசைவில்லாமல் கிடந்தால் அவசர எண்ணைத் தானே அழைக்கும். நல்ல சரக்குதான். ஆனால் ஐபோன் வேண்டும், அநேகமாக தினமும் சார்ஜ் போட வேண்டும். உங்கள் அம்மா குளிக்கப் போகும்போது தாலிச் செயின் தவிர எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைக்கிற ஆளா இல்லையா? முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வழுக்குகிற இடத்தில் வாட்ச் கையில் இருக்காது.

இப்போது கேமராவிலேயே விழுவதைக் கண்டுபிடிக்கும் ஏஐ என்று விற்கிறார்கள். சேரன்மகாதேவியில் ஒரு வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். அந்த ஆச்சி மதியம் சாப்பிட்டதும் தார்சாவில் தலைக்கு மணையை வைத்துக் கட்டாந்தரையில் படுப்பார். தினமும் ஒன்றரை மணிக்கு 'ஆள் விழுந்துவிட்டார்' என்று சென்னையில் மகனுக்கு அலாரம். மனிதர் தரையில் கிடந்தால் ஆபத்து என்று அதற்கு யாரோ கட்டிலும் சோபாவும் உள்ள வீட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் பாதி வாழ்க்கை தரையில்தானே? காய் நறுக்குவது, பூக்கட்டுவது, தூங்குவது எல்லாம்.

கேமராவே வைப்பதென்றாலும் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்றொரு வைரஸ் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களுக்குள் உலகம் முழுக்கப் புகுந்தது. 2025 ஏப்ரலிலிருந்து நெட்டில் சேரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறித்தான் இங்கே விற்பனைக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது. வாங்கும்போது கேளுங்கள். ஆனால் வீட்டுக்காரர் தன் போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டால் எந்தச் சோதனையும் காப்பாற்றாது.

ஸ்ரீவை ராமு | ஞாயிறு, பகல் 12.20

எல்லோரும் கரண்டும் டவரும் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பில் பேசுகிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மறந்துவிட்டதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பேரோடு நின்றது, பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறு பொங்கிப் போட்டார்கள். என் அண்ணன் மஸ்கட்டில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கேமராவைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறான். கடைசியாகப் பதிந்த படம் வாசல்படியில் தண்ணீர் ஏறுகிற படம். அதோடு நின்றுவிட்டது. நாங்கள் மாடியில் பத்திரமாக இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிய மூன்று நாள் ஆயிற்று. அந்தப் படத்தை அவன் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஷார்ஜா சங்கரன் | ஞாயிறு, பகல் 1.05

நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற வெள்ளத்தை வைத்துத் தினசரிக் காரியத்தை எடை போடக்கூடாது ராமு. வெள்ளத்தில் 108-ம் வராது. அதற்காக ஆம்புலன்ஸ் வேண்டாம் என்போமா?

இன்னொன்றும் கேட்கிறேன். டீச்சர் மானம், வெட்கம் என்கிறார்கள், சரி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சொன்னது எனக்கும் தெரியும். அது அரசாங்கம் எட்டிப் பார்ப்பதைப் பற்றிய வழக்கு. பெற்ற மகன் பார்ப்பதற்கு எந்தச் சட்டம் தடுக்கிறது?

பொருநை டீச்சர் | ஞாயிறு, பகல் 2.30

எதுவும் தடுக்கவில்லை. அதுதான் என் பயம். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மெனக்கெட்டுப் படித்தேன். ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கோ வீட்டுக் காரியத்துக்கோ கையாளும் தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. கேமராக் கம்பெனியைக் கேள்வி கேட்கலாம், மகனைக் கேட்க முடியாது. எனக்கு மிச்சம் இருக்கிற வழி துண்டுதான்.

அப்புறம், புறவாசல் கேமராவில் வளவுக் குழாயடி தெரிகிறதா தம்பி? அங்கே தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் கேட்டீர்களா?

குறிச்சிக்காரன் | ஞாயிறு, பகல் 2.48

தெரிகிறது. கேட்கவில்லை. இப்போதே அந்தக் கேமராவை அணைத்துவிட்டேன்.

வள்ளியூர் வயர்மேன் | ஞாயிறு, மாலை 5.40

சண்டையை விட்டு வேலைக்கு வருவோம். கேமரா இல்லாமலே சில வழி இருக்கிறது. ஜப்பானில் 2001-லேயே சோஜிருஷி கம்பெனி ஒரு வெந்நீர்க் கெண்டி விட்டது. கிழவர் டீக்குத் தண்ணீர் எடுத்தால் வெளியூரில் உள்ள பிள்ளைக்குத் தகவல் போகும். படம் கிடையாது, சத்தம் கிடையாது. 'இன்றைக்கு டீ போட்டார்' அவ்வளவுதான்.

ரேடார் சென்சாரும் வந்திருக்கிறது. ஆள் இருக்கிறாரா, அசைகிறாரா என்று ரேடியோ அலையில் கண்டுபிடிக்கும், முகம் தெரியாது. 2019-ல் கூகுளின் பிக்சல் 4 போன் இந்தியாவுக்கு வராமலே போனது ஞாபகம் இருக்கலாம். அதிலிருந்த ரேடாரின் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததே காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். இப்போது 24 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது ஆன்லைனில் கிடைக்கிறது. ஆனால் மின்விசிறி ஓடினாலும், ஜன்னல் திரை ஆடினாலும் ஏமாறும். பொறுமையாக அளவு வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: புறவாசல் கதவில் ஒரு காந்த சென்சார். கதவு திறந்தால் ஒரு தகவல், மூடினால் ஒரு தகவல். காலையில் ஏழு மணி வரை திறக்காவிட்டாலோ, திறந்து அரை மணி நேரம் மூடாவிட்டாலோ உங்களுக்கு அலாரம். பேட்டரியில் ஓடும். ரௌட்டருக்கு மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். முக்கியம்: அம்மா ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கிற ஆளா? அப்படியென்றால் ரௌட்டர் சுவிட்ச் மேல் டேப் ஒட்டுங்கள்.

பாளை நர்ஸ் | ஞாயிறு, மாலை 6.10

கைப்பிடி. மறுபடியும் சொல்கிறேன், கைப்பிடி.

குறிச்சிக்காரன் | 18 நாள் கழித்து, வியாழன், இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்று முதலிலேயே உட்காரவைத்துக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். கேமரா பற்றி இரண்டு நிமிடம், மிச்சமெல்லாம் புறவாசல் தளம் சரியில்லை என்று மூன்று வருடமாக நான் காதில் போட்டுக்கொள்ளாததைப் பற்றி. கொத்தனாரை வைத்துத் தளம் போட்டாயிற்று. இரண்டு இடத்தில் கைப்பிடியும் மாட்டியாயிற்று சிஸ்டர்.

கதவு சென்சாருக்குச் சம்மதித்தாள். மூன்றாம் நாள் ஏழரை வரை தகவல் வரவில்லை. நான் பதறிப்போய்ப் பால்கார அக்காவுக்குப் போன் அடித்தேன். அம்மா முன்வாசல் வழியாக ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறாள். "கதவுக்குத் தெரியாமப் போயிட்டேன்" என்று சிரிக்கிறாள்.

அடுக்களை, புறவாசல் கேமராக்களைக் கழற்றிவிட்டேன். தார்சாவில் மட்டும் இருக்கிறது, துண்டோடு. இன்று மதியம் திடீரென்று போனில் வெளிச்சம் வந்தது. பார்த்தால் அம்மா துண்டை எடுத்துவிட்டு, அப்பளத் தட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "காஞ்சிட்டு. நூறு அனுப்பவா, இருநூறு அனுப்பவா?" நான் இருநூறு என்றேன். சரி என்று திரும்பவும் துண்டைப் போட்டுவிட்டாள்.

ஷார்ஜா சங்கரன் | வியாழன், இரவு 8.44

பார்த்தீர்களா, கேமரா இல்லாவிட்டால் அப்பளம் தெரிந்திருக்குமா?

பொருநை டீச்சர் | வியாழன், இரவு 8.59

துண்டை எடுத்தது யார் என்பதையும் பாருங்கள் சங்கரன்.

வள்ளியூர் வயர்மேன் | வியாழன், இரவு 9.20

தம்பி, ஈரிழைத் துண்டு கனம். தலை திருப்புகிற மோட்டார் இழுத்து இழுத்துச் சூடாகிவிடும். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துப் போடச் சொல்லுங்கள்.