இளைஞர்கள் எழுதிக் குடுக்கிறத ஐநா மாதிரி இடத்துல யாராவது உண்மையிலேயே எடுத்துக்கறாங்களா?

கவின்_திருச்சி

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் செகண்ட் இயர் படிக்கிறேன். போன மாசம் ஒரு இளைஞர் மாநாட்டுக்கு எங்க காலேஜ்ல இருந்து நாலு பேர் போனோம். காலநிலை மாற்றம் பத்தி இளைஞர்கள் சார்பா ஒரு பிரகடனம் எழுதணும், அது உலக அமைப்புகளுக்குப் போகும்னு சொன்னாங்க. மூணு ராத்திரி சரியா தூங்காம உக்காந்து எழுதினோம், தண்ணி பத்தி, வெயில்ல வேல பாக்குறவங்க பத்தி, எங்க தாத்தா வயல் பத்தி கூட ஒரு பாரா இருந்துச்சு. கடைசி நாள் மேடையில ஒரு பெரியவர் அத வாங்கிக்கிட்டு போட்டோவுக்கு நின்னாரு. எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறமும் அந்த ஃபைல் டேபிள் மேலயே கிடந்துச்சு, சேர் அடுக்க வந்த அண்ணன் தான் எடுத்து "தம்பி இது உங்களுதா"னு என் கையில குடுத்தாரு. இப்ப என் ரூம்ல தான் இருக்கு.

நான் கேக்குறது இதான். யாரோ பேசினாங்க, வீடியோ வைரல் ஆச்சு, அந்த மாதிரி கதை வேணாம். மாணவர்கள் ஆரம்பிச்சு வச்ச ஒரு விஷயத்தால உலக அளவுல சட்டத்துலயோ பாலிசியிலயோ ஒரு வரியாவது மாறியிருக்கா? மாறியிருந்தா எப்படி பண்ணாங்கனு தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

லதா_வழக்கறிஞர்

தம்பி, அந்த ஃபைல தூக்கிப் போட்டுறாதீங்க. நீங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் வனுவாட்டு. பசிபிக் கடல்ல 80க்கு மேல குட்டிக் குட்டி தீவுங்க சேர்ந்த நாடு, மொத்த ஜனத்தொகை மூணு லட்சம் சொச்சம், நம்மூர்ல ஒரு நடுத்தர டவுன்ல இருக்குற கூட்டம் அவ்ளோதான். 2015 மார்ச்ல பாம்னு ஒரு புயல் அடிச்சு, நாட்டோட ஒரு வருஷ மொத்த உற்பத்தியில 64 சதவீதத்துக்கு சமமான சேதம் ஆச்சு. ஒரே புயல்ல.

அங்க போர்ட் விலால தென் பசிபிக் பல்கலைக்கழகத்தோட சட்டக் கல்லூரி இருக்கு. 2019ல அங்க படிச்ச 27 மாணவர்கள், பல தீவு நாடுகள்ல இருந்து வந்த பசங்க, வகுப்புல ஒரு கேள்விய எடுத்துக்கிட்டாங்க. காலநிலை மாற்றத்துக்கு எதிரா சர்வதேச சட்டத்துல இருக்குறதுலயே பெரிய வழி எது? அவங்க கண்டுபிடிச்ச பதில், நெதர்லாந்துல ஹேக் நகரத்துல இருக்குற சர்வதேச நீதிமன்றத்துக்கிட்ட ஆலோசனைக் கருத்து, அதாவது இந்த விஷயத்துல சட்டம் என்ன சொல்லுதுனு விளக்கம், கேக்குறது. இது புது யோசனை இல்ல, 2011லயே பலாவ் நாடு இதையே முயற்சி பண்ணி நடக்காம போச்சு. அது தெரிஞ்சும் இந்தப் பசங்க இறங்கினாங்க.

இங்க தான் நீங்க கவனிக்கணும் தம்பி. மாணவர்கள் நேரா அந்த கோர்ட்டுக்குப் போக முடியாது. ஒரு தனி நாடு போயி ஆலோசனைக் கருத்து கேக்கவும் முடியாது, ஐநா பொதுச் சபை மாதிரி ஒரு அமைப்பு தீர்மானம் போட்டு தான் கேக்கணும். அப்போ யாரப் பிடிக்கணும்? அரசாங்கத்த. அந்தப் பசங்க ஒரு மாணவர் அமைப்பா சேர்ந்து, பசிபிக் நாட்டு அரசாங்கங்களுக்கு உக்காந்து லெட்டர் எழுதினாங்க, வனுவாட்டு அத கையில எடுத்துக்கிச்சு. 2021 செப்டம்பர்ல அந்த அரசாங்கம் நாங்க இத ஐநாவுக்குக் கொண்டு போறோம்னு வெளிப்படையா அறிவிச்சது. அப்புறம் 18 நாடுங்க சேர்ந்து ஒரு குழுவா வாசகத்த எழுதி, ஒவ்வொரு நாட்டுக்கிட்டயும் பேசி, 2023 மார்ச் 29ஆம் தேதி 132 நாடுகள் முன்மொழிய, ஓட்டெடுப்பே இல்லாம ஒருமனதா பொதுச் சபையில நிறைவேறிச்சு. அந்த மாச ஆரம்பத்துல தான் ஜூடி, கெவின்னு ரெண்டு புயல் சில நாள் இடைவெளியில வனுவாட்டுவ அடிச்சுப் போட்டிருந்துச்சு, வீடு கூரை இல்லாத ஜனங்களுக்காகத் தான் அந்த டெலிகேஷன் அங்க நின்னாங்கனு நினைச்சா இப்பவும் எனக்கு தொண்ட அடைக்குது.

கேள்விய எப்படி எழுதினாங்கனு பாருங்க, நான் கிளாஸ் எடுக்கும்போது இத தான் திரும்பத் திரும்ப காட்டுவேன். எந்த நாட்டையும் பேர் சொல்லிக் குத்தம் சொல்லல. ரெண்டே கேள்வி. காலநிலைய காப்பாத்த நாடுகளுக்கு சட்டப்படி என்ன கடமை இருக்கு? கடமையத் தவறி பெரிய சேதம் பண்ணா சட்டப்படி என்ன விளைவு? "அமெரிக்காவும் சீனாவும் தான் காரணம்"னு எழுதியிருந்தா 132 நாடு வந்திருக்காது. அதே சமயம் மழுப்பலாவும் எழுதல, ரெண்டாவது கேள்வியில நஷ்ட ஈடுங்குற விஷயத்துக்குக் கதவு தொறந்து வச்சிருக்காங்க.

2024 டிசம்பர்ல ரெண்டு வாரம் விசாரணை, 96 நாடுகளும் 11 அமைப்புகளும் வாதம் வச்சாங்க. அந்த மாணவர் அமைப்போட தலைவி சிந்தியா ஹௌனியுஹி, சாலமன் தீவுப் பொண்ணு, மொத நாளே அந்த நீதிபதிகள் முன்னாடி நின்னு பேசினாங்க. 2025 ஜூலை 23 கருத்து வந்துச்சு. 15 நீதிபதிகளும் ஒரே குரல்ல.

மணி_கோவை

லதா மேடம் நல்லா சொன்னீங்க, ஆனா ஒண்ணு கேக்கணும். அது ஆலோசனைக் கருத்து தானே, யாரையும் கட்டுப்படுத்தாது. எண்ணெய் எடுக்குறவன் எடுத்துட்டே தான் இருக்கான், நிலக்கரி எரிஞ்சுட்டே தான் இருக்கு. ஆறு வருஷம் அந்தப் பசங்க ஒழச்சாங்க, கடைசியில கையில என்ன இருக்கு? சின்னப் பசங்களுக்கு நம்பிக்கை குடுக்கணும்னு நாமளே கொஞ்சம் பெருசாக்கி சொல்றோமோனு எனக்குத் தோணுது. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க, அதனால தான் கேக்குறேன்.

லதா_வழக்கறிஞர்

தப்பா எடுத்துக்க எதுவும் இல்ல மணி சார், கேக்க வேண்டிய கேள்வி தான். கட்டுப்படுத்தாதுங்கறது சரி. ஆனா அந்தக் கருத்துல சொல்லியிருக்கறது ஏற்கனவே இருக்குற சட்டம் என்னங்கறத. மத்த நாட்டுக்கு பெரிய சேதம் வராம பாத்துக்கற கடமை வழக்காற்றுச் சட்டத்துலயே, நாடுகள் வழக்கமா ஏத்துக்கிட்டு நடக்குற பொதுச் சட்டத்துலயே இருக்கு, அதாவது காலநிலை ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாலும் போடலனாலும், போட்டுட்டு வெளிய போனாலும் அது இருக்குனு ஆயிடுச்சு. அடுத்தது, புதைபடிவ எரிபொருள் எடுக்குறது, அதுக்கு புதுசா லைசென்ஸ் குடுக்குறது, மானியம் குடுக்குறது, இதெல்லாம் கூட ஒரு நாடு பண்ற சட்டமீறலா ஆகலாம்னு கோர்ட் தன் வாயால சொல்லியிருக்கு. கடல் மட்டம் ஏறி கரை உள்ள போனாலும் ஒரு தீவு நாடு தன்னோட கடல் எல்லையத் திருத்தி வரைய வேண்டியதில்லனு சொல்லியிருக்கு, அந்த ஜனங்களுக்கு அது மீன் உரிமை, சோறு. இனிமே எந்த நாட்டுக் கோர்ட்ல இந்த மாதிரி கேஸ் வந்தாலும் வக்கீலுங்க இந்தப் பக்கங்கள எடுத்து நீட்டுவாங்க. எண்ணெய் நாளைக்கே நிக்காது, அத நான் சொல்லவே இல்ல.

நிரோ_மட்டக்களப்பு

நான் இலங்கையில இருந்து. தம்பி கவின்ட ஃபைல் கதைய வாசிச்சிட்டு ஒண்டு சொல்லோணும் போல இருந்துது. 2014 மே மாசம் கொழும்பில உலக இளைஞர் மாநாடு நடந்தது, முடிவில இளைஞர் பற்றின கொழும்புப் பிரகடனம் எண்டு ஒண்டு வந்தது. பேந்து அதே வருஷக் கடைசியில இலங்கை முன்னுக்கு நிண்டு கேட்டு, ஜூலை 15ஐ உலக இளைஞர் திறன்கள் தினம் எண்டு ஐநா அறிவிச்சது. நல்ல விஷயம்தான், ஆனா எங்கட ஊர்ப் பெடியள் எத்தனை பேருக்கு அப்பிடி ஒரு நாள் இருக்கெண்டு தெரியும்? அந்த மாநாட்டில வெளிநாட்டுப் பிள்ளையளும் எங்கட பிள்ளையளும் சேர்ந்திருந்து கதைச்சதெல்லாம் வீண் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா பிரகடனம் எண்டா எல்லாத்தையும் பற்றி ஒவ்வொரு வசனம் இருக்கும், ஒரு அரசாங்கமும் அதில மாட்டுப்படாது. வனுவாட்டுப் பிள்ளையள் ஒரே ஒரு விஷயத்தக் கேட்டுச்சினம், அதை ஆர் செய்யலாம் எண்டும் தெரிஞ்சு வச்சிருந்தவை. வித்தியாசம் அதில இருக்கெண்டு நான் நினைக்கிறன்.

சுதா_டீச்சர்

நான் ஸ்கூல் டீச்சர், எட்டாவது ஒன்பதாவது எடுக்குறேன். தோத்துப் போன ஒரு கேஸையும் இங்க சொல்லணும். 2019 செப்டம்பர்ல 12 நாடுகள்ல இருந்து 16 குழந்தைங்க ஐநாவோட குழந்தைகள் உரிமைக் குழுவுக்கு ஒரு புகார் குடுத்தாங்க, அர்ஜென்டினா, பிரேசில், பிரான்ஸ், ஜெர்மனி, துருக்கி இந்த அஞ்சு நாட்டு மேல. அதுல நம்ம நாட்டுலேந்து ரிதிமா பாண்டே, உத்தராகண்ட் பொண்ணு. 2021ல குழு அந்தப் புகார ஏத்துக்கல, மொதல்ல அந்தந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போயிட்டு வாங்கன்னுட்டாங்க. ஆனா அதே முடிவுல, ஒரு நாடு விடுற புகை எல்லை தாண்டி வேற நாட்டுக் குழந்தைய பாதிச்சாலும் அந்த நாட்டுக்குப் பொறுப்பு உண்டுனு எழுதிட்டாங்க. அதுக்கு முன்னாடி அந்தக் குழு அப்படிச் சொன்னதில்ல. அப்புறம் 2023ல சுற்றுச்சூழல் பத்தி அதே குழு ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு, அத எழுத 121 நாடுகள்ல இருந்து 16,000 குழந்தைங்களுக்கு மேல கருத்து சொன்னாங்க. என் கிளாஸ்ல இத சொன்னப்போ ஒரு பையன் எழுந்து "மிஸ், என்கிட்ட யாரும் கேக்கலயே"ன்னான். எனக்கு அன்னிக்குப் பூரா அதே தான் மனசுல ஓடிச்சு. நம்ம குழந்தைங்களுக்கு இப்படி ஒண்ணு நடக்குதுனு தெரியவே மாட்டேங்குது, தெரிஞ்சாலும் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு.

கவின்_திருச்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி முழுக்க இத திரும்பத் திரும்ப படிச்சேன். எங்க பிரகடனத்த எடுத்துப் பாத்தேன், 41 கோரிக்கை இருக்கு, எந்தக் கோரிக்கையையும் யார் நிறைவேத்தணும்னு ஒரு இடத்துலயும் எழுதல. உலகம், சமூகம், அனைவரும், இப்படித்தான் இருக்கு. நிரோ அண்ணா சொன்னது அப்படியே எங்களுக்குப் பொருந்துது.

லதா அக்கா, சுதா மிஸ் சொன்ன மொழி விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துது. அந்தக் கோர்ட் கருத்த தமிழ்ல போட்டா எங்க காலேஜ் பசங்களாவது படிப்பாங்கல்ல? நான் ஆரம்பிக்கலாமா? சட்டம் எனக்குத் தெரியாது.

லதா_வழக்கறிஞர்

ஆரம்பிங்க தம்பி. முழுசும் நூறு பக்கத்துக்கு மேல வரும், ஆனா கோர்ட்டே ஒரு சுருக்கமும் வெளியிட்டிருக்கு, அதுலேந்து தொடங்குங்க. பத்துப் பத்து பாராவா அனுப்புங்க, சட்ட வார்த்தைய நான் பாத்துத் தரேன். சுதா டீச்சர், நீங்க எட்டாம் கிளாஸ் பிள்ளைக்குப் புரியுதானு பாத்து சொன்னா நல்லா இருக்கும்.

கவின்_திருச்சி

மொத நாள்லயே மாட்டிக்கிட்டேன் அக்கா. ட்யூ டிலிஜென்ஸ்னு திரும்பத் திரும்ப வருது, அதுவும் கடுமையா கடைபிடிக்கணும்னு இருக்கு. அகராதியில "உரிய கவனம்"னு போட்டிருக்கு, அத வச்சா பரீட்சைக்குக் கவனமா படின்னு சொல்ற மாதிரி இருக்கு. வேற என்ன போடலாம்?

பிரபு_தரங்கம்பாடி

இடையில வரேன், மன்னிக்கணும், நான் போட் ஓட்டுறவன். ராத்திரி போகும்போது அடுத்தவன் வலை எங்க கிடக்குனு லைட் அடிச்சுப் பாத்து, வேகத்த குறைச்சு, சுத்திப் போகணும். பாக்காம ஏத்திட்டு எனக்குத் தெரியாதுப்பானு சொன்னா ஊர் பஞ்சாயத்துல ஒத்துக்க மாட்டாங்க, உன்கிட்ட லைட் இருந்துச்சு, பாக்க வேண்டியது உன் பொறுப்புன்னு தான் சொல்லுவாங்க. நீங்க கேட்டது அது தானா தம்பி?

லதா_வழக்கறிஞர்

அதே தான் பிரபு அண்ணா. பெரிய லைட் வச்சிருக்குறவனுக்குப் பொறுப்பும் பெருசுன்னு கூட அந்தக் கருத்துல இருக்கு. கவின், இப்போதைக்கு "பார்த்து நடக்கும் பொறுப்பு"னு போட்டுட்டு அடுத்த பாராவுக்குப் போங்க.