நாஸ் கருவி: மவுண்ட் செய்து வேலை பார்ப்பதா, எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே போவதா?

கரைவேல் (திரியைத் தொடங்கியவர்):
இரண்டு வட்டு நாஸ் (வலையில் இணைந்த கோப்புச் சேமிப்புக் கருவி), அதில் ஏறக்குறைய 4 டிபி கோப்புகள். லினக்ஸ் கணினியின் கட்டளை வரியிலிருந்தே மூன்று வேலை நடக்க வேண்டும்: பகிர்வுகளுக்கு இடையே கோப்புறைகளை மாற்றி அடுக்குவது, எல்லாக் கோப்புக்கும் ஷா256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் கைரேகை, அதாவது ஹாஷ்) எடுப்பது, தினமும் கணினியை நாஸுக்கு பேக்கப் செய்வது. சாம்பா (எஸ்எம்பி நெறிமுறையில் கோப்பு பகிரும் மென்பொருள்) பகிர்வை மவுண்ட் செய்து, கணினியின் கோப்புறை போலவே இணைத்துக்கொள்வது சரியா, எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து கட்டளை தரும் மறையாக்க இணைப்பு) உள்ளே போவது சரியா?

முனையன்:
உள்ளே போங்கள். கிகாபிட் வலையில் நடைமுறையில் கிடைப்பது நொடிக்குச் சுமார் 110 எம்பி. மவுண்ட் செய்த இடத்தில் ஷா256சம் ஓட்டினால் 4 டிபியும் கேபிள் வழியே உங்கள் கணினிக்கு வந்தாக வேண்டும். பத்து மணி நேரம் வலை அடைபட்டுக் கிடக்கும். நாஸுக்குள் ஓட்டினால் உங்களை வந்து சேர்வது கோப்புப் பெயரும் 64 எழுத்தும்தான். டிஎம்யூஎக்ஸ் என்ற முனைய அமர்வுக் கருவிக்குள் தொடங்கிவிட்டால் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. அது இல்லாத நாஸில் நோஹப் கட்டளை போதும்.

இடத்தை அளக்கும் டியூ, கோப்பு தேடும் ஃபைண்ட் இரண்டுக்கும் இதே நியாயம். லட்சம் சின்னக் கோப்புகள் இருந்தால் ஒவ்வொன்றின் விவரத்துக்கும் வலையில் போய்வர வேண்டியிருக்கும். அங்கே கேபிளின் வேகம் உதவாது; போய்வரும் தாமதம்தான் நேரத்தைத் தின்னும்.

வட்டுக்காவல்:
கணக்கு சரி, முடிவோடு உடன்பாடில்லை. சிறிய நாஸ்களின் ப்ராசஸரில் ஷா256க்கு வன்பொருள் உதவி இல்லாவிட்டால், வட்டு காத்திருக்கும், ப்ராசஸர் திணறும். பத்து மணி நேரம் அப்படியேதான் இருக்கும், இடம் மட்டும் மாறும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பகிர்வு அடுக்கு தரும் பாதுகாப்பு முழுவதும் உள்ளே போனதும் விலகிவிடுவது. மறுசுழற்சித் தொட்டி சாம்பா போன்ற பகிர்வு வழியே அழித்தால்தான் வேலை செய்யும். ஷெல்லில் (கட்டளை வரியில்) அழிக்கும் கட்டளையான ஆர்எம் அடித்தது போனது போனதுதான். சுடோவோடு (நிர்வாகி அதிகாரத்தோடு) உருவாக்கிய கோப்பு ரூட் என்ற தலைமைக் கணக்கின் பெயரில் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் பகிர்வு வழியே திருத்தப் போனால் அனுமதி மறுக்கப்படலாம். சினாலஜி நிறுவன நாஸில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவே நிர்வாகிக் குழுவினருக்கு மட்டும்தான். தினசரி பேக்கப்புக்காக நிர்வாகிக் கணக்கின் சாவியை ஒரு மடிக்கணினியில் வைப்பது நல்லதல்ல. மடிக்கணினியை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) பிடித்தால் பேக்கப்பையும் சேர்த்துப் பிடிக்கும்.

முனையன்:
மவுண்ட் மட்டும் பாதுகாப்பானதா? நாஸ் அணைந்திருக்கும்போது கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும்) வேலை தொடங்கினால், மவுண்ட் ஆகாத அந்த வெற்றுக் கோப்புறைக்குள்ளேயே கோப்பு ஒத்திசைக்கும் கருவியான ஆர்சிங்க் எழுதித் தள்ளும். ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) நிரம்பி கணினியே முடங்கும். திசை மாறினால் இன்னும் மோசம்: நாஸிலிருந்து வெளி வட்டுக்கு டெலீட் விருப்பத்தோடு (மூலத்தில் இல்லாததை இலக்கில் அழிப்பது) ஓட்டும்போது மூலம் வெறுமையாக இருந்தால், ஆர்சிங்க் இலக்கைத் துடைத்துவிடும். அது பிழையும் காட்டாது. சொன்ன வேலையைத்தான் செய்திருக்கிறது.

வட்டுக்காவல்:
அது மவுண்டின் குற்றமல்ல, காவல் வைக்காத ஸ்கிரிப்டின் குற்றம். எஃப்ஸ்டேபில் (மவுண்ட் அமைப்புகளை எழுதும் கோப்பு) வகை சிஐஎஃப்எஸ் (சாம்பா பகிர்வுக்கான பெயர்); விருப்பங்கள் வெர்ஸ்=3.0, யூஐடி=1000, ஜிஐடி=1000, நோஃபெயில், எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் (தொடும்போது தானே மவுண்ட் ஆக). கடவுச்சொல்லை அந்த வரியில் எழுதாதீர்கள். தனி கிரெடென்ஷியல்ஸ் கோப்பில் வைத்து அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத) ஆக்குங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதியுங்கள், இல்லையென்றால் வெளியேறட்டும். வெற்றுக் கோப்புறைக்கு சிஹெச்அட்டர் பிளஸ் ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டுவிட்டால் மவுண்ட் ஆகாதபோது ரூட்கூட அதில் எழுத முடியாது. மேலே மவுண்ட் செய்ய அது தடையில்லை.

மவுண்ட் பிழை 13 என்றால் பெயர், கடவுச்சொல் அல்லது பகிர்வு அனுமதி. பிழை 112 'ஹோஸ்ட் டவுன்' என்று சொல்லும். பிங்குக்குப் பதில் வந்தும் இந்தப் பிழை வந்தால் பெரும்பாலும் எஸ்எம்பி பதிப்பு பொருந்தவில்லை. பழைய நாஸ் எஸ்எம்பி1 மட்டுமே பேசும், புதிய லினக்ஸ் கெர்னல் அதைத் தானாகத் தொடங்காது. வெர்ஸ்=1.0 போட்டு ஒப்பேற்றாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவியது எஸ்எம்பி1இன் ஓட்டை வழியேதான்.

நூலிழை:
ஒரு திருத்தம். ஆட்டோமவுண்டையும் மவுண்ட்பாயிண்ட் சோதனையையும் சேர்த்து வைத்தால் சோதனை ஏமாறும். நாஸ் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் ஆட்டோமவுண்டுக்கான ஆட்டோஎஃப்எஸ் அடுக்கு மவுண்ட் ஆகியிருப்பதால் 'ஆம்' என்றே பதில் வரும். பகிர்வுக்குள் ஒரு அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது.

வட்டுக்காவல்:
சரிதான். அடையாளக் கோப்பையே வையுங்கள்.

முனையன்:
அப்போதும் ஆர்சிங்க் மவுண்டின் மேல் வீணாகத்தான் ஓடுகிறது. சாம்பாவை எழுதிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்தான் 1996இல் பால் மெக்கரஸோடு சேர்ந்து ஆர்சிங்கையும் வெளியிட்டார். அதன் உயிர்நாடி, இரு முனையிலும் ஒவ்வொரு ஆர்சிங்க் ஓடி, மாறிய துண்டுகளை மட்டும் பரிமாறிக்கொள்வது. மவுண்ட் ஆன இடத்தை அது உள்ளூர் வட்டு என்றே எண்ணும். முழுக் கோப்பையும் அனுப்பும். 40 ஜிபி மெய்நிகர் வட்டுக் கோப்பில் 50 எம்பி மாறியிருந்தாலும் 40 ஜிபியும் போகும். துண்டு முறையைக் கட்டாயப்படுத்தினாலும் பயனில்லை. ஒப்பிடுவதற்காகப் பழைய கோப்பு முழுவதும் வலை வழியே திரும்பி வரும்.

நூலிழை:
ஆர்சிங்கில் உரிமையாளர், அனுமதி எல்லாவற்றையும் காக்கும் ஹைஃபன் ஏ விருப்பம் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பா மவுண்டில் உரிமையாளர், அனுமதி எதுவும் அசல்படி நிற்காது. யூஐடி=1000 (உரிமையாளர் எண்) என்பது காட்சிக்கு மட்டும், உண்மையான அனுமதியை நாஸில் உள்நுழைந்த கணக்குதான் தீர்மானிக்கிறது. அங்கே ஹைஃபன் ஆர்டி (உட்கோப்புறைகளும் நேரமும் மட்டும்) போதும். மூலக் கோப்புறைப் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளடக்கம் மட்டும் போகும், இல்லாவிட்டால் கோப்புறையே போகும். டெலீட் சேர்க்கும் முன் ஹைஃபன் என் போட்டு ஒருமுறை வெள்ளோட்டம் பாருங்கள்.

கோப்புறை மாற்றுவதில் இரு தரப்பும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இரண்டு பகிர்வுகளைத் தனித்தனியே மவுண்ட் செய்து எம்வி (இடம் மாற்றும் கட்டளை) போட்டால் தரவு நாஸிலிருந்து கணினிக்கு வந்து திரும்ப நாஸுக்குப் போகும். உள்ளே போய்ச் செய்தால் நொடியில் முடியும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு பகிர்வும் தனி சப்வால்யூம் (உட்பிரிவு) என்றால், அங்கும் வெறும் பெயர் மாற்றம் நடக்காது. எம்வி நகலெடுத்து, பிறகு மூலத்தை அழிக்கும். வலையில் சுற்றாது என்பது லாபம்.

அகரன்:
தமிழில் பெயர் வைத்த கோப்புகள் இருந்தால் இதையும் பாருங்கள். 'கொடி' என்ற சொல்லை இரு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருந்தால் 12 பைட். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் 15 பைட். பழைய மேக் கணினிகளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஷெல்லுக்கு வேறு வேறு. ஆர்சிங்க் அதையே புதுக் கோப்பு என்று மறுபடி அனுப்பும். டெலீட் போட்டிருந்தால் மற்றதை அழிக்கும். பெயரின் குறியீட்டை மாற்றும் கன்வ்எம்வி கருவியில் என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பெயர்களை ஒருமுகப்படுத்துங்கள். நோடெஸ்ட் என்று சொல்லாதவரை அது எதையும் மாற்றாது, பட்டியலை மட்டும் காட்டும்.

நீளமும் இடிக்கும். பெயருக்கு 255 பைட் வரம்பு, தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், ஆக 85 குறியீடுதான். புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியீடாகவே எண்ணப்படும். ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்த பகிர்வில் வரம்பு 143 பைட், அதாவது 47 குறியீடு. கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைத்தவர்களின் பேக்கப் இங்கேதான் நிற்கும்.

வட்டுக்காவல்:
முனையன், துண்டு முறை பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அதற்கு ஷெல் தேவையில்லை. பல நாஸ்களில் ஆர்சிங்க் சேவையைத் தனியே இயக்கலாம், போர்ட் 873. இரு முனையிலும் ஆர்சிங்க் ஓடும், கணக்கு ஒரு மாட்யூலுக்குள் (ஒதுக்கிய கோப்புறைக்குள்) அடங்கிவிடும். அமைப்புக் கோப்பைத் திருத்த முடிந்தால் ரெஃப்யூஸ் ஆப்ஷன்ஸில் (மறுக்க வேண்டிய விருப்பங்கள்) டெலீட் என்று எழுதுங்கள். மறையாக்கம் இல்லாத சேவை என்பதால் உள்வலையைத் தாண்டவிடக் கூடாது.

முனையன்:
தினசரி பேக்கப்புக்கு அது நல்ல வழி, நானும் அதையே சொல்வேன். ஹாஷுக்கும் பகிர்வு மாற்றத்துக்கும் எஸ்எஸ்ஹெச்தான். வேலை முடிந்ததும் எஸ்எஸ்ஹெச் சேவையை அணைத்துவிடுங்கள். கோப்புறைகளைத் தொடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுங்கள், தொட்டி இல்லாத குறையை அது ஈடுகட்டும்.

கரைவேல்:
எஸ்எஸ்ஹெச் சாவியை நாஸில் பதித்த பிறகும் கடவுச்சொல் கேட்கிறதே?

நூலிழை:
நாஸில் உங்கள் ஹோம் கோப்புறையின் அனுமதி 777 (யாரும் எழுதலாம்) ஆக இருக்கிறதா பாருங்கள். குழுவோ மற்றவரோ அதில் எழுத முடிந்தால் எஸ்எஸ்ஹெச் சேவையகம் சாவியைப் பொருட்படுத்தாது. ஹோமுக்கு 755, புள்ளி-எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600. மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், ரூட் பெயரில் அல்ல.