4294967297: பகு எண் என்று காட்ட எந்த வழி சரி?

கணியன்:
2³² + 1 = 4294967297. இது பகா எண் என்று 1640-களில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். பகு எண் என்று காட்டக் காரணியே தேவையில்லை. 2-ஐ 32 தடவை வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு தடவையும் இந்த எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். பகா எண் என்றால் கடைசியில் 1 வரணும். குறியில்லா 64 பிட் நிரலில் 0 வருகிறது. வேறென்ன வேண்டும்?

மீதி:
முடிவு சரி, வழி தப்பு. 0 வரவே வராது. 2-இன் எந்த அடுக்கும் ஒற்றைப்படை எண்ணால் மீதியின்றி வகுபடாதே! வரிசையைப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. அடுத்த வர்க்கம் 2⁶⁴. அது 64 பிட்டில் அடங்காமல் வழிந்து 0 ஆகிவிட்டது. உண்மையில் 4294967296 நம் எண்ணைவிட 1 குறைவு என்பதால், மீதிக் கணக்கில் அது −1-க்குச் சமம். அதன் வர்க்கம் 1. அதன்பின் கடைசிவரை 1தான். ஆக 2-ஐ வைத்தால் இந்த எண் சோதனையில் தேறிவிடும். பகா எண்ணா என்று இன்னும் கண்டிப்பாகப் பார்க்கும் மில்லர்-ராபின் சோதனையிலும் 2 மட்டும் போட்டால் இதே கதிதான், நடுவில் −1 வந்துவிடுவதால்.
1732-இல் ஆய்லர் கண்டதுதான் அசைக்க முடியாத சான்று: 641 × 6700417.

கணியன்:
வழிதல் என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணி கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன். 2-க்குப் பதில் 3 போடுங்கள். இந்த வகை எண்களுக்கென்றே உள்ள பெப்பின் சோதனைப்படி 31 வர்க்கத்துக்குப் பிறகு −1, அதாவது 4294967296 வந்தால் மட்டுமே பகா எண். வருவது 10324303. முடிந்தது. 2¹⁶⁷⁷⁷²¹⁶ + 1 பகு எண் என்று இப்படித்தான் நிறுவினார்கள். அதற்கு இன்றுவரை ஒரு காரணிகூடத் தெரியாது.

மீதி:
அவ்வளவு பெரிய எண்ணுக்குச் சரி. இந்த எண்ணுக்கு 31 வர்க்கம் எதற்கு? இதன் பகாக் காரணிகள் 128-இன் மடங்கோடு 1 கூட்டியவையாகத்தான் இருக்கும்: 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. இரண்டே வகுத்தல்!
வகுக்காமலும் காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1; ஆக 641-ஆல் வகுக்கும் மீதிக் கணக்கில் 5 × 2⁷ என்பது −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1. 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴-க்குப் பதில் −2⁴ போடுங்கள்: −2³² என்பது 1. அதாவது 2³² + 1, 641-ஆல் வகுபடும். நிரலே வேண்டாம், தாளும் பேனாவும் போதும்.
6700417 பகா எண் என்று காட்டவும் 257, 641, 769, 1153, 1409 ஐந்தால் வகுத்துப் பார்த்தால் போதும். அடுத்தது இதன் வர்க்கமூலத்தைத் தாண்டிவிடும்.

கணியன்:
641-க்கு இது அழகான நிறுவல். ஆனால் காரணி எதுவென்று தெரிந்த பிறகுதான் அதை எழுத முடியும். பெப்பினுக்கு முன்கூட்டி எதுவும் தெரிய வேண்டாம். நிரல் எழுதுகிறவர்கள் பெருக்கலுக்கு 128 பிட் வையுங்கள். குறியுள்ள 64 பிட்டில் மீதி 3037000499-ஐத் தாண்டினாலே வர்க்கம் வழிந்துவிடும். சரிபார்க்க: 10324303-ஐ இன்னொரு தடவை வர்க்கப்படுத்தினால் மீதி 3029026160 வரணும்.